ஆயுத வியாபாரமும் விலையேற்றமும்

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வாழும் சகோதரர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நம் கடற்கரையோர ஊர் ஒன்றைச் சேர்ந்தவர். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக் கொண்டிருப்பதால் இரண்டையும் விட்டு விடுகிறோம். பெட்ரோல் பங்க்குடன் சேர்ந்த பலசரக்குக் கடை ஒன்றில் அவர் பங்குதாரர். பால், ரொட்டி, தூண்டில் சாமான் இவற்றோடு துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அக்கடையில் விற்கப்படுகின்றன. அந்நாட்டின் கிராமப்புறங்களில் இது புதுமையன்று. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றாலன்றி ஒருவர் துப்பாக்கி வைத்துக் கொள்ள இயலாது. வங்கி வாசலில் காவல்காரரின் தோளில் தொங்குவதைத் தவிர நம் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். அங்கேயோ ஆயுதம் வைத்துக் கொள்வது 1791-லேயே அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு விட்ட உரிமை.

மதுவும் லாட்டரிச் சீட்டும் தம் கடையில் விற்பதில்லை என்பதையும் அச்சகோதரர் எழுதியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். அந்த நாட்டில், அப்படிப்பட்ட கடையில், இது எளிதான காரியமல்ல. பெரும் வருமானத்தை அல்லாஹ்வுக்காக விட்டுக் கொடுத்தவர் அவர் என்பதை மனத்திற்கொண்டே இனி வருவதை நேயர்கள் படிக்க வேண்டுகிறோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா பரவத் தொடங்கியபோது மக்கள் அரிசியையும் சோப்பையும் அள்ளிச் சென்றது போலவே தோட்டாக்களையும் அள்ளிச் சென்றார்களாம். கைத்துப்பாக்கிக்கான ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா ஐம்பது கொண்ட பெட்டி, அதுவரை பத்துப் பன்னிரண்டு டாலருக்கு விற்றது. அவர் இருபதாக்கினார், வாங்கினார்கள். முப்பதாக்கினார், வாங்கினார்கள். பிறகு நாற்பதும் ஆயிற்று. இடையில் சில பெட்டிகளைப் பின்னறையில் வைத்துவிட்டு, கேட்டவர்களிடம் இருப்பு இல்லை என்று சொல்லி, மாதங்கள் கழித்து வெளியே எடுத்திருக்கிறார். வழக்கமான ஆதாயத்துக்கு மேல் வந்ததையெல்லாம் தனியே சேர்த்து வைத்தார், ஊரிலிருக்கும் உம்மாவை ஹஜ்ஜுக்கு அனுப்புவதற்காக. 2020-லும் 2021-லும் வெளிநாட்டு ஹாஜிகளுக்கு வாய்ப்பு இல்லாமற் போயிற்று. பின்னர் உம்மாவுக்கு உடல்நலமில்லை. இப்பொழுது தேறியிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போது, இது எப்படிச் சேர்த்த காசு என்பதை மகன் பெருமையோடு சொல்லியிருக்கிறார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லையாம். பிறகு உம்மா கேட்டார்களாம்: “வாப்பா, சனங்க பயந்து ஓடி வந்து கொடுத்த காசா இது?”

சகோதரரின் கேள்வி இதுதான்: “ஹஜ்ரத், தேவை கூடிய நேரத்தில் விலையைக் கூட்டியது மார்க்கத்தில் கூடுமா, கூடாதா? அந்தக் காசில் உம்மா ஹஜ் செய்யலாமா?”

கூடும், கூடாது என்று ஒரு வரியில் பதில் எழுதியனுப்பி விடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். எழுத உட்கார்ந்தபோது, மகன் கேட்டதும் உம்மா கேட்டதும் ஒரே கேள்வியல்ல என்பது புலப்பட்டது.

மகனின் கேள்வியை முதலில் எடுத்துக் கொள்வோம். விலையைப் பற்றி ஷரீஅத்தின் நிலை என்ன? மதீனாவில் ஒரு சமயம் விலைவாசி ஏறிற்று. சஹாபாக்கள் வந்து, யாரஸூலல்லாஹ், தாங்கள் விலையை நிர்ணயித்துக் கொடுங்கள் என்று வேண்டினர். விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்வே, எவருடைய பொருளிலோ உயிரிலோ அநியாயம் செய்தவனாக நாம் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனை மறுத்து விட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ முதலிய கிரந்தங்களில் உள்ளது. சரக்கு குறைந்து தேவை மிகுந்தால் விலை ஏறுவது வியாபாரத்தின் இயல்பு. அதுவே குற்றமாகி விடாது என்பதை இதிலிருந்து இமாம்கள் எடுத்திருக்கிறார்கள். வியாபாரிகள் எல்லை கடந்து போய், மக்களின் உரிமையைக் காக்க வேறு வழியே இல்லாதபோது, விவரமறிந்தவர்களைக் கலந்து விலை வகுக்கலாம் என்று ஹிதாயாவில் வருகிறது. அதுவும் உணவுப் பொருளைப் பற்றிய பேச்சு.

வியாபாரியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. இன்று பன்னிரண்டு டாலருக்கு விற்றுவிட்டு நாளை மொத்தக் கடையில் இருபத்தைந்துக்கு வாங்க வேண்டியிருந்தால் கடை எப்படி நடக்கும்? வாங்குபவரும் கண்ணை மூடிக் கொண்டு வாங்கவில்லை. விலைச்சீட்டு எதிரே ஒட்டியிருக்கிறது. ஏமாற்றில்லை, கலப்படமில்லை. ஆகவே, அலமாரியில் வெளிப்படையாக வைத்து, கேட்ட விலைக்கு இசைந்து வாங்கியவரிடம் விற்ற அளவில், அந்த விற்பனை செல்லும். காசு அவருடைய உடைமைதான். இதைச் சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

செல்லும் என்பதோடு நின்றுவிடாத பெரியவர்களும் இருந்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஸரீ அஸ்ஸகதீ (ரஹ்) அவர்களின் வரலாறு ஒன்றை எழுதுகிறார்கள். அறுபது தீனாருக்கு வாதுமை வாங்கி, மூன்று தீனார் இலாபம் போதுமெனக் குறித்து வைத்திருந்தார்கள். அதற்குள் வாதுமை விலை தொண்ணூறாகி விட்டது. தரகர் வந்து தொண்ணூறுக்குக் கேட்டார். நான் குறித்த அறுபத்து மூன்றுக்கு மேல் விற்க மாட்டேன் என்றார்கள் ஸரீ அவர்கள். நானும் ஒரு முஸ்லிமை நஷ்டப்படுத்துவதில்லை என்று அல்லாஹ்விடம் வாக்களித்திருக்கிறேன், தொண்ணூறுக்குக் குறைந்து வாங்க மாட்டேன் என்றார் தரகர். இவர் விற்கவுமில்லை, அவர் வாங்கவுமில்லை! நம் கடைத்தெருக்களில் இப்படியொரு தகராறைக் கேட்டிருக்கிறோமா? இது நீதிக்கு மேற்பட்ட இஹ்ஸான். அதை ஒருவர் மீது சட்டமாகச் சுமத்த முடியாது.

இனிப் பின்னறைக்கு வருவோம்.

பதுக்குபவன் பாவியே என்ற கருத்துள்ள ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எந்தப் பொருளைப் பதுக்கினால் பாவம் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மனிதர்க்கும் கால்நடைக்கும் உரிய உணவு மட்டுமே என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் முடிவு. ஷாஃபிஈ மத்ஹபிலும் உணவே கணக்கில் எடுக்கப்படுகிறது. இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களோ, எதைத் தடுத்து வைத்தால் பொதுமக்களுக்குத் தீங்கு ஏற்படுமோ அது பொன்னாயினும் துணியாயினும் பதுக்கலே என்றார்கள்.

தோட்டா எதில் சேரும்? இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 2020 மார்ச்சில் கடைகளையெல்லாம் மூடச் சொன்னபோது, துப்பாக்கிக் கடைகளை மூடக் கூடாது என்று அந்நாட்டில் பெரிய வாதம் எழுந்தது. உணவும் மருந்தும் போல் இதுவும் அத்தியாவசியம் என்றார்கள். அம்மாதம் 28-ஆம் தேதி மத்திய அரசின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆயுதம் செய்வோரும் விற்போரும் அத்தியாவசியத் தொழிலாளர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். சரி. ஆனால் நெருக்கடி காலத்தில் அநியாய விலை வைப்பதைத் தடுக்கும் சட்டங்களோ வேறு விதமாகப் பேசுகின்றன. டெக்ஸாஸ் சட்டம் எரிபொருள், உணவு, மருந்து, தங்குமிடம், கட்டிடச் சாமான் என்று பெயர் சொல்லி, மற்ற அவசியப் பொருள்கள் என முடிக்கிறது. ஆயுதத்தின் பெயர் அதில் இல்லை. கடையைத் திறந்து வைக்க வேண்டிய போது அது ரொட்டியைப் போன்ற அவசியப் பொருள். விலை வைக்க வேண்டிய போது அது வாதுமையைப் போன்ற விருப்பப் பொருள்! இரண்டில் ஒன்றைத்தான் ஒரு வியாபாரி சொல்ல முடியும். அவசியம் என்று சொல்லிக் கடையைத் திறந்தவர், இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் சொல்லுக்கு ஆளாகி விட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

அதற்கும் மேலே, பெட்டி உள்ளே இருக்க இருப்பு இல்லை என்று சொன்னது பொய். இதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேற்றுமை கிடையாது.

ஆனால் இந்த இடத்தில் ஒரு சிக்கலை நாம் மறைக்கக் கூடாது. உணவைப் பதுக்கியவனைப் பார்த்து, அதை வெளியே எடுத்துக் குறைந்த விலைக்குக் கொடு என்று சொல்லலாம். பசித்தவன் வயிறு நிறையும். தோட்டாவையும் துப்பாக்கியையும் பற்றி அதையே சொல்ல நாக்கு எழுமா? மலிவாகக் கொடுத்தால் பயந்தவர் ஒன்றுக்கு மூன்று வாங்குவார். அரிசி மலிந்தால் ஊருக்கு நன்மை. பீதி பிடித்த நாட்களில் ஆயுதம் மலிந்தால் யாருக்கு நன்மை? அப்படியானால் விலையை ஏற்றியதே நல்லதாயிற்று, அதனால் சிலர் வாங்காமல் திரும்பியிருப்பார்கள் என்று ஒருவர் வாதிக்கலாம். நாமும் சிறிது நேரம் அப்படி எண்ணிப் பார்த்தோம். ஆனால் திரும்பியவர் யார்? பயம் குறைந்தவரா, பணம் குறைந்தவரா? தன்னைக் கொல்வேன் என்று மிரட்டும் முன்னாள் கணவனுக்கு அஞ்சி வந்த ஏழைப் பெண் திரும்பிப் போவாள். வீட்டில் ஏற்கெனவே பத்து வைத்திருக்கும் செல்வர் பதினொன்றாவதை வாங்கிப் போவார். பயத்தின் அளவை விலை அறியாது. ஆளுக்கு இத்தனை பெட்டிதான் என்று அளவு வைத்து விற்ற கடைகள் அந்நாட்டிலேயே அப்பொழுது பல இருந்தன. அந்த வழி நம் சகோதரருக்கும் திறந்தே இருந்தது.

இவ்வளவும் மகனின் கேள்விக்கு. இனி உம்மாவின் கேள்வி.

ஸஹீஹுல் புகாரியில், குழப்ப காலத்திலும் மற்றக் காலத்திலும் ஆயுதம் விற்பது பற்றி என்று ஒரு பாடத் தலைப்பே இருக்கிறது. ஃபித்னாவின் போது அதை விற்பதை இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் வெறுத்தார்கள் என்று தலைப்போடு இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் குறித்து விட்டு, அதன் கீழே கொண்டு வரும் ஹதீஸோ ஹுனைன் போரில் தமக்குக் கிடைத்த கவசத்தை விற்று அபூகதாதா (ரலி) அவர்கள் ஒரு தோட்டம் வாங்கிய செய்தி. இஸ்லாத்தில் அவர்கள் சேர்த்த முதல் சொத்து அது. ஆக, போர்த் தளவாடத்தை விற்பதே இழிவல்ல. அதன் விலையில் ஒரு சஹாபியின் பேரீச்ச மரங்கள் நின்றிருக்கின்றன. எந்தக் காலத்தில், எவர் கையில் என்பதே கேள்வி.

ஹிதாயாவிலும் இந்த மஸ்அலா வருகிறது. குழப்ப நாட்களில், குழப்பக்காரன் என்று அறியப்பட்டவனுக்கு ஆயுதம் விற்பது மக்ரூஹ். அவன் அப்படிப்பட்டவன் என்று தெரியாவிட்டால் குற்றமில்லை. வழிப்பறிக்காரனுக்கும் கலகக்காரனுக்கும் ஆயுதம் விற்பது ஹராம் என்று ஷாஃபிஈ கிதாபுகளில் காண்கிறோம். மதரஸாவில் நாம் இந்தப் பாடம் ஓதியபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. வாளும் ஈட்டியும் விற்கும் கடை இப்பொழுது எங்கே இருக்கிறது, இதை எவன் வந்து கேட்கப் போகிறான் என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். நமது உஸ்தாது அவர்கள் காதில் அது விழுந்து விட்டது. “ஓதி வையுங்கள், கேட்பவன் வருவான்” என்று மட்டும் சொல்லி அடுத்த வரிக்குப் போய் விட்டார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, டெக்ஸாஸிலிருந்து வந்திருக்கிறது.

2020-இல் அமெரிக்காவில் நடந்ததை ஃபித்னா என்று சொல்லலாமா? உள்நாட்டுப் போர் நடக்கவில்லை. எனினும் நோய், வேலையிழப்பு, தெருக் கலவரம், தேர்தல் சச்சரவு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஆண்டு அது. அண்டை வீட்டாரைக் கண்டு அண்டை வீட்டார் அஞ்சினர். துப்பாக்கி வாங்குவோரைப் பற்றி அந்நாட்டுப் புலனாய்வுத் துறையின் ஏற்பாட்டில் நடக்கும் பின்னணி விசாரணைகள் 2019-இல் 2 கோடியே 83 இலட்சம்; 2020-இல் 3 கோடியே 96 இலட்சம். விசாரணைகள் அத்தனையும் விற்பனை ஆகிவிடா. ஆயினும் அச்சத்தின் அளவைக் காட்ட இவை போதும். வாழ்நாளில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் பல இலட்சம் பேர். அவர்களைக் குழப்பக்காரர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தன் உயிரையும் குடும்பத்தையும் காத்துக் கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. அந்நாட்டில் வாழும் நம்மவர்களிலும் பள்ளிவாசல் வாசலில் என்ன நடக்குமோ என்று அஞ்சி வாங்கியவர்கள் இருக்கக் கூடும். 2019 மார்ச் 15 ஜுமுஆவில் நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டதைக் கேட்ட எவருக்கும் அந்த அச்சம் புரியும்.

ஆனால் குழப்பக்காரன் என்றதும் நாம் கொள்ளைக்காரனையே மனத்தில் காண்கிறோம். உண்மைக் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 2020-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 45,222 பேர். அவர்களில் 24,292 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர், தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வாங்கியவர் கள்ளனுக்கு அஞ்சி வாங்கினார். கள்ளன் வரவில்லை. மேசை இழுப்பறையில் அது காத்திருந்தது. வேலை போன ஓர் இரவிலோ, மனைவியோடு சண்டையிட்ட ஓர் இரவிலோ அவர் கை அங்கே சென்றது. வாங்கியவர் கைதான் என்றில்லை, அவர் வீட்டுப் பிள்ளையின் கையாகவும் இருக்கலாம். உருவிய வாளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்க வேண்டாம் என்றும், அம்போடு கடைத்தெருவில் நடப்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக் கொள்ளட்டும் என்றும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தது எவரையோ எதிரியாக எண்ணி அல்ல. நல்லவர் கையிலிருந்தும் ஆயுதம் தவறும் என்பதை எண்ணித்தான்.

நியூ ஹாம்ப்ஷயர் என்னும் மாநிலத்தில் 2009-இல் ஒரு சம்பவம் நடந்தது. ஒரே கடையில், ஒரு வாரத்துக்குள், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் துப்பாக்கி வாங்கினர். வாங்கிய சில மணி நேரத்திலேயே மூவரும் தற்கொலை செய்து கொண்டனர். கடைக்காரர் சட்டத்தை மீறவில்லை. விலையை ஏற்றவுமில்லை. ஆயினும் அம்மாநிலத்தின் துப்பாக்கி வியாபாரிகள் சிலர், சுகாதாரத் துறையினரோடு உட்கார்ந்து பேசி, வாங்க வருபவரின் முகக் குறிப்பில் எதைக் கவனிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் எப்படி விற்காமல் அனுப்புவது என்று கடைக்காரர்களுக்குக் குறிப்புகள் தயாரித்துக் கொடுத்தனர். அவர்கள் ஹிதாயாவை ஓதியவர்கள் அல்லர். இன்னார் என்று தெரியாவிட்டால் குற்றமில்லை என்ற வரிக்கு, தெரிந்து கொள்ள முயன்றாயா என்ற கேள்வியும் உள்ளே இருக்கிறது என்பதை அவர்கள் கண்டு கொண்டார்கள். நமக்கு வெட்கமாக இருந்தது.

நம் சகோதரரின் கடிதத்தில் நான்கு பக்கம். விலையைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறார். வாங்கியவர்களைப் பற்றி, வாங்கினார்கள் என்ற ஒரு சொல்தான்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த வியாபாரம் மனத்தை அப்படித் திருப்புகிறது. தாபிஈன்களில் ஒருவர், உன் மகனை இரண்டு வியாபாரங்களில் விடாதே என்று ஒரு மனிதருக்கு உபதேசம் செய்ததாக இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். ஒன்று உணவுத் தானிய வியாபாரம், மற்றொன்று கஃபன் துணி வியாபாரம். முந்தியவன் பஞ்சத்தை விரும்புவான், பிந்தியவன் மக்களின் மரணத்தை விரும்புவான் என்பது காரணம். இரண்டும் ஹலாலான வியாபாரங்களே. கஃபன் இல்லாமல் எந்த மையித்தும் கப்றுக்குப் போக முடியாது. யாராவது விற்றே ஆக வேண்டும். ஆனால் விற்பவனின் உள்ளத்தில் எந்த ஆசை குடியேறும் என்பதை அந்தப் பெரியவர் பார்த்தார்.

ஆயுத வியாபாரியின் ஆசை எது? 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூட்டவுன் நகரில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் நுழைந்து 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். ஆறும் ஏழும் வயதுப் பிள்ளைகள். அவன் கொண்டு வந்த வகைத் துப்பாக்கியைத் தடை செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்த உடனே, அதே வகையை வாங்க மக்கள் கடைகளுக்கு ஓடினர். அந்த டிசம்பரில் மட்டும் 27 இலட்சத்துக்கு மேற்பட்ட பின்னணி விசாரணைகள் நடந்தன. அதுவரை எந்த மாதமும் அவ்வளவு கண்டதில்லை. அந்தத் துப்பாக்கியில் பொருத்தும், முப்பது தோட்டா கொள்ளும் கூடு, பதினைந்து டாலர் அளவில் இருந்தது, ஐம்பதையும் அறுபதையும் தொட்டது. மாறாக, 2016 தேர்தலுக்குப் பின் தடை வரும் என்ற அச்சம் நீங்கியதும் வாங்குவோர் குறைந்தனர். 1816-இல் தொடங்கிய ரெமிங்டன் என்ற புகழ்பெற்ற ஆயுத நிறுவனம், கடன் சுமையோடு இந்த விற்பனைச் சரிவும் சேர்ந்து, 2018 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது.

பிள்ளைகள் கொல்லப்பட்ட மாதம் வசூல் மாதம். மக்கள் நிம்மதியாகத் தூங்கிய ஆண்டு நஷ்ட ஆண்டு. இப்படி அமைந்த தொழிலில் இருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டுமென்பதில்லை. தஹஜ்ஜுத் தொழுபவராகவும் இருக்கலாம். ஆனால் வழக்கமான விலைக்கு விற்கும்வரை அவருக்கும் ஊரின் நிம்மதிக்கும் பகையில்லை. வேட்டைக்காரர் வருவார், வாங்குவார், போவார். பயத்துக்கு ஏற்ப விலையை ஏற்றத் தொடங்கிய நாளிலிருந்து, செய்தியில் கெட்டது வந்தால் கல்லாப்பெட்டியைப் பார்க்கும் கண் அவருக்கு வந்து விடுகிறது. இருபதை முப்பதாக்கினேன், வாங்கினார்கள் என்று சகோதரர் எழுதிய வரியில் அந்தக் கண் தெரிகிறது. அவர் கோபித்துக் கொள்ள மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம். விலையேற்றத்தில் நாம் காணும் பெரிய ஆபத்து இதுதான். வாங்கியவரிடமிருந்து போன இருபது முப்பது டாலர் அதை விடச் சிறியது.

உம்மா ஓதிய கிதாபு எதுவென்று நமக்குத் தெரியாது. கடையையும் அவர்கள் பார்த்ததில்லை. காசு எவ்வளவு என்று கேட்கவில்லை, என்ன விலைக்கு விற்றாய் என்று கேட்கவில்லை. கொடுத்தவர்கள் என்ன நிலையில் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள்.

சரி, ஹஜ்ஜுக்கு என்ன செய்வது? சகோதரருக்கு நாம் எழுதியனுப்பியது வருமாறு: அலமாரியில் வைத்து வெளிப்படையாக விற்ற பெட்டிகளின் காசு உங்களுடையது. அதில் உம்மா ஹஜ் செய்தால் ஹஜ் நிறைவேறும், இன்ஷா அல்லாஹ். பின்னறையில் வைத்து, இல்லையென்று பொய் சொல்லி, பிறகு விற்றவற்றின் கூடுதல் ஆதாயத்தை அதோடு சேர்க்காதீர்கள். இதற்கும் இஹ்யாவில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. வாஸித் நகரத்துப் பெரியவர் ஒருவர் கப்பலில் பஸராவுக்குக் கோதுமை அனுப்பி, சேர்ந்த நாளிலேயே விற்று விடும்படி தம் ஆளுக்கு எழுதினார். ஒரு வாரம் பொறுத்தால் பன்மடங்கு கிடைக்கும் என்று அங்குள்ள வியாபாரிகள் சொல்ல, ஆளும் பொறுத்து விற்று மகிழ்ச்சியோடு எழுதினார். அந்தப் பணம் முழுவதையும் பஸராவின் ஏழைகளுக்குக் கொடுத்துவிடு, பதுக்கிய பாவத்திலிருந்து இதனால் தப்பித்தாலே பெரிது என்ற கருத்தில் பெரியவரின் மறுமொழி வந்தது. தம் ஊர் ஏழைகளுக்கு என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காசு எந்த ஊர் மக்களிடமிருந்து வந்ததோ அந்த ஊர் ஏழைகளுக்கு. ஆகவே இதை நம் ஊர் மதரஸாவுக்கு அனுப்பி வைக்காதீர்கள். (இதைப் படித்து நம் நிர்வாகிகள் வருந்தக் கூடும்!) உங்கள் கடையைச் சுற்றி வாழும் ஏழைகளிடம், அவர்கள் எம்மதத்தவராயினும், சேர்த்து விடுங்கள்.

கடையில் ஆயுதம் விற்பதை நிறுத்தத்தான் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, நாமும் கட்டளையிடவில்லை. மற்றப் பங்குதாரரையும் கலந்துதான் அவர் முடிவு செய்ய வேண்டும். மீண்டும் அப்படியொரு காலம் வந்தால் பழைய ஆதாயத்தையே வைத்து, ஆளுக்கு அளவு வைத்து விற்குமாறும், கைநடுங்க வருபவருக்குத் துப்பாக்கியை அன்றே எடுத்துக் கொடுக்காமல் இரண்டு நாள் கழித்து வரச் சொல்லுமாறும் எழுதினோம். கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருந்தே வாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டெக்ஸாஸில் இல்லை. சட்டம் இல்லாத இடத்தில் கடைக்காரர் தாமாகச் செய்வதை எவர் தடுக்கப் போகிறார்கள்?

சென்ற வாரம் பதில் வந்தது. பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாராம். பின்னறையில் இருந்தவை அறுபத்து நான்கு பெட்டிகள். அவற்றின் கூடுதல் ஆதாயத்தைக் கழித்த பின் ஹஜ் செலவுக்குக் கொஞ்சம் குறைகிறது. அதைத் தம் சம்பளத்திலிருந்து போடுகிறாராம். உம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாகி விட்டபடியால் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.